முள் ஏறாத எஞ்சின்: முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

வணக்கம். ஊட்டியில் ஓடும் உங்கள் பெட்ரோல் காரில் வெப்பமானி முள் கால் பங்கைத் தாண்டுவதில்லை, ஹீட்டரிலும் சூடு போதவில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நெரிசலில் நிற்கும்போது சற்று ஏறும் முள், வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்ற உங்கள் குறிப்பு, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருப்பதைத்தான் பெரிதும் சுட்டுகிறது; முள்ளுக்கு வெப்பநிலையைச் சொல்லும் சென்சார் மட்டும் பழுதென்றால் ஹீட்டர் காற்று நன்றாகவே சுட்டிருக்கும்.

உறுதிசெய்துகொள்ள, இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் இயக்கி, மின்விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையை எட்டவிடாமல், ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்வரை அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டெனச் சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் சந்தேகமே வேண்டாம். (தெர்மோஸ்டாட் நீர் நுழையும் பக்கம் அமைந்த கார்களில் கீழ்க்குழாயைப் பார்க்க வேண்டும்.) காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தாலும் பெரும்பாலும் இதே பழுதுதான்.

நீங்கள் பழைய கார் வாங்கியவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: தெர்மோஸ்டாட்டே உள்ளே இல்லாமலும் இருக்கலாம். எஞ்சின் கொதித்த காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருந்ததை, என் காரில் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மூடியைத் திறந்தபோதுதான் நான் கண்டேன்.