எமிலியை மீண்டும் படித்தவர்கள் கேட்கிறார்கள்

கனடா எழுத்தாளர் லூசி மாட் மான்ட்கோமரியின் ‘எமிலி ஆஃப் நியூ மூன்’ (1923), ‘எமிலி கிளைம்ப்ஸ்’ (1925), ‘எமிலிஸ் குவெஸ்ட்’ (1927) ஆகிய மூன்று நாவல்களைச் சிறு வயதில் படித்த வாசகர்கள், அவற்றை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுத் தங்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு வரி: தாயும் தந்தையும் இல்லாத எமிலி பேர்ட் ஸ்டார் என்ற சிறுமி, பிரின்ஸ் எட்வர்டு தீவில் உள்ள ‘நியூ மூன்’ என்ற பண்ணை வீட்டில், தாய்வழி உறவினர்களின் கண்டிப்பில் வளர்ந்து எழுத்தாளராகும் கதை இது.

எமிலி தன் இறந்துபோன தந்தைக்குக் கடிதம் எழுதும் ‘லெட்டர் பில்’ என்ற காகிதம் சிறு வயதில் எனக்குப் புரியவே இல்லை. இப்போதும் முழுமையாகப் புரியவில்லை. அது என்ன காகிதம்?
– வாசகர், மதுரை

அஞ்சல் பைகளுடன் செல்லும் விவரச் சீட்டு அது. நியூ மூன் வீட்டில் முன்பு அஞ்சலகம் இயங்கிவந்தது. அந்தக் காலத்தில் மிஞ்சிப்போன, மங்கிய இளஞ்சிவப்பு நிறம் கொண்ட நீண்ட சீட்டுகள் பரணில் கிடந்தன. அவற்றை லாரா பெரியம்மா எடுத்துக் கொடுக்கிறார். முன்பக்கத்தில் அரசாங்கத்தின் அச்சு, பின்பக்கம் வெறுமை. அந்தப் பின்பக்கத்தில்தான், எழுத்துப் பிழைகள் மலிந்த தன் கடிதங்களை எமிலி எழுதி, ‘திரு. டக்ளஸ் ஸ்டார், சொர்க்கத்துக்குப் போகும் வழி’ என்று முகவரியிட்டு, பரணில் இருந்த பழைய சோபாவின் அடிப்பலகை மீது ஒளித்துவைக்கிறாள்.

இது ஆசிரியரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த காகிதம். ஒன்றே முக்கால் வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த மான்ட்கோமரி, கேவண்டிஷ் என்ற ஊரில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். அவர்கள் வீட்டிலேயே ஊர் அஞ்சலகம் இருந்தது. வீட்டில் தாளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் அரசாங்கம் அனுப்பிய சீட்டுகளின் பின்பக்கம் காலியாக இருந்தது. பின்னாளில் அவர் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பத் தொடங்கியபோது அதே அஞ்சலகம் இன்னொரு வகையிலும் உதவியது: திரும்பி வந்த கைப்பிரதிகளை ஊரார் யாரும் பார்க்கவில்லை.

சிறு வயதில் இந்தச் சீட்டுகளைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தந்தை அலுவலகத்திலிருந்து கொண்டுவரும், ஒரு பக்கம் மட்டும் தட்டச்சு செய்யப்பட்ட தாள்களின் பின்பக்கத்தில்தான் நானும் எழுதிப் பழகினேன். கணக்கு நோட்டில் கதை எழுதினால் திட்டு விழும். அந்தத் தாள்களில் எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். சீட்டுகள் தீர்ந்த பிறகு, எமிலியின் தாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரரான ஜிம்மி, வெற்றுத் தாள் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சிறு வயதில் கிணற்றில் விழுந்து தலையில் அடிபட்டவர் என்பதால் ‘மூளை சரியில்லாதவர்’ என்று ஊர் ஒதுக்கிவைத்த மனிதர் அவர். எதற்காக எழுதுகிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் அவளுக்குக் காகிதம் கொடுத்தவர் அவர்தான்.

பன்னிரண்டு வயதில் படித்தபோது டீன் பிரீஸ்ட் எனக்கு மிகவும் பிடித்தவர். உலகம் சுற்றியவர், நிறையப் படித்தவர், எமிலியைக் குழந்தையாக நடத்தாதவர். நாற்பத்தொரு வயதில் படிக்கும்போது அவர் வரும் பக்கங்களில் எனக்கு உடல் கூசுகிறது. மாறியது நானா, அல்லது நூலிலேயே இது இருந்ததா?
– வாசகி, நாகர்கோவில்

நூலிலேயே இருந்தது. அதைப் பார்ப்பதற்கான வயது உங்களுக்கு அப்போது வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் சந்திப்பைத் திரும்பப் பாருங்கள். கடற்கரைச் சரிவில் ஒரு பூவைப் பறிக்கப்போய்ச் சறுக்கி, கீழே விழும் நிலையில் எமிலி தொங்கிக்கொண்டிருக்கிறாள்; அந்த வழியே வந்த டீன் அவளைக் காப்பாற்றுகிறார். அவருக்கு வயது முப்பத்தாறு. அவள் தந்தையோடு படித்தவர். காப்பாற்றிய கையோடு, இனி உன் உயிர் எனக்குச் சொந்தம் என்று வேடிக்கைபோலச் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டு எமிலியின் மனம் உள்ளுக்குள் முரண்டுபிடிப்பதையும், தன் உயிர் தன்னைத் தவிர வேறு யாருக்கும் சொந்தமாவதை அவள் விரும்பாததையும் ஆசிரியர் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த வரியைக் கடந்துதான் நாம் எல்லோரும் டீனை விரும்பினோம்.

ஆனால் இன்றைய வாசகர்கள் பலர் செய்வதுபோல, வயது வித்தியாசத்தோடு இந்தக் கேள்வியை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனெனில் மூன்றாவது நாவலில் டீன் செய்யும் காரியம் அதைவிடக் கொடியது. எமிலி தன் முதல் நாவலை எழுதி முடிக்கிறாள். பதிப்பாளர்கள் அதைத் திருப்பியனுப்புகிறார்கள். தன்னைச் சுற்றி உள்ளவர்களில் இலக்கியம் அறிந்தவர் டீன் ஒருவரே என்பதால், உண்மையைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கைப்பிரதியைக் கொடுக்கிறாள். அழகாக இருக்கிறது, ஆனால் மேகம்போலக் கலைந்துவிடும், வெறும் சிலந்திவலை என்று அவர் சொல்கிறார். அன்று இரவே அவள் அதைத் தீயிலிட்டுவிடுகிறாள். எரிந்து முடிந்த பிறகு தான் செய்தது உறைக்க, அறையில் இருக்க முடியாமல் வெளியே ஓடிவருகிறாள். மாடிப்படியருகே இருந்த தையல் கூடையில் இடறி விழுகிறாள். கத்தரிக்கோல் பாதத்தில் பாய்கிறது. புண் நஞ்சாகி, உயிர் பிழைப்பதே அரிதாகிறது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் அருகில் இருந்து ஆறுதல் சொல்பவரும் டீன்தான். எழுத்தே வேண்டாம் என்ற நிலையில் அவரை மணக்கவும் அவள் ஒப்புக்கொள்கிறாள். அந்த நிச்சயம் முறிந்த பிறகுதான், அந்த நாவல் உண்மையில் நன்றாகவே இருந்தது, உன் மனத்தில் எனக்குரிய இடத்தை அது எடுத்துக்கொண்டது என்பதால் பொய் சொன்னேன் என்று டீன் ஒப்புக்கொள்கிறார்.

பன்னிரண்டு வயதில் இந்தப் பகுதியைப் படித்தபோது நான் அழுதது எரிந்துபோன நாவலுக்காக. இப்போது படிக்கும்போது என் கண் நிற்பது அதற்கு முந்தைய பக்கத்தில், அவர் தீர்ப்புச் சொல்லும் அந்த மென்மையான குரலில். திட்டியிருந்தால் அவள் எதிர்த்திருப்பாள். பதிப்பாளர்கள் மறுத்தபோது அவள் எரிக்கவில்லையே. தன்னைப் புரிந்துகொண்டவர் என்று அவள் நம்பிய மனிதர் அன்போடு சொன்னதால்தான் எரித்தாள். டீனை அரக்கனாகவும் ஆசிரியர் வரையவில்லை. முதுகு வளைந்தவர் என்று ஊர் வைத்த பட்டப்பெயரைச் சுமந்த தனிமையான மனிதர் அவர். அந்த இரக்கத்தையும் எழுதிவிட்டு, அவர் செய்ததையும் குறைக்காமல் எழுதியிருப்பதால்தான் உங்களுக்கு இன்று உடல் கூசுகிறது.

நியூ மூன் வீட்டைக் கண்டிப்போடு ஆளும் எலிசபெத் பெரியம்மாவைச் சிறு வயதில் வெறுத்தேன். இப்போது அவர் பக்கம் என் மனம் சாய்கிறது. முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்ததால் வந்த கோளாறோ என்று அஞ்சுகிறேன்.
– ஆசிரியை, சேலம்

அஞ்ச வேண்டாம். இந்த மூன்று நாவல்களிலும் மிக அதிகமாக மாறுகிறவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

அந்தச் சோபாவின் அடியில் இருந்த கடிதங்களை எலிசபெத் கண்டெடுத்துப் படித்துவிடுகிறார். தன்னைப் பற்றி அதில் எழுதியிருப்பதைக் கண்டு கொதித்துப்போய் எமிலியைக் கேட்கிறார். எமிலியோ, என் தனிப்பட்ட காகிதங்களை எப்படித் தொடலாம் என்று அவரைவிடக் கொதிக்கிறாள். ஒரு பிள்ளையின் எழுத்துக்கு இப்படி ஓர் உரிமை உண்டு என்பதே அந்த வீட்டில் யாரும் கேட்டறியாத செய்தி. அதன் பிறகு எலிசபெத் எமிலியிடம் வந்து, அந்தக் கடிதங்களைப் படிக்க எனக்கு உரிமை இல்லை, நான் செய்தது தவறு, என்னை மன்னிப்பாயா என்று கேட்கிறார். வாழ்நாளில் யாரிடமும் தலைவணங்காத ஒரு பெண், தன் தயவில் வளரும் ஒரு சிறுமியிடம் மன்னிப்புக் கேட்கும் இடம் அது. எமிலி அதற்குச் செய்யும் கைம்மாறும் ஓர் எழுத்தாளருடையது: கடிதங்களைக் கிழித்துப்போட அவள் நினைக்கவில்லை, பெரியம்மாவுக்கு அநியாயம் செய்த இடங்களில் விளக்கக் குறிப்புகள் சேர்க்கலாம் என்று முடிவெடுக்கிறாள். அத்துடன், தந்தைக்கு இனிக் கடிதம் எழுத முடியவில்லை என்பதையும் உணர்கிறாள். உயிருள்ள ஒருவர் முதல்முறையாக அவள் எழுத்தைப் படித்து, அதில் காயப்பட்டு, அதற்கு மதிப்பும் கொடுத்துவிட்டார்.

இதனால் எலிசபெத் ஒரே நாளில் கனிந்துவிடவில்லை. இரண்டாவது நாவலில், ஷ்ரூஸ்பரி ஊருக்கு அனுப்பிப் படிக்கவைக்க வேண்டுமானால் எழுதுவதையே கைவிட வேண்டும் என்கிறார். அது முடியாது என்று எமிலி மறுத்ததும், ஜிம்மி நடுவில் புகுந்து, மூன்று ஆண்டுகளுக்கு உண்மையல்லாத எதையும் எழுதக் கூடாது என்ற ஏற்பாட்டைச் செய்துவைக்கிறார். புனைகதை என்றால் பொய் என்று எலிசபெத் உறுதியாக நம்பியவர். அதே எலிசபெத் மூன்றாவது நாவலில் கால் முறிந்து படுக்கையில் கிடக்கும்போது, அவருக்குப் பொழுதுபோக எமிலி இரவுதோறும் ஓர் அத்தியாயம் எழுதிப் படித்துக் காட்டுகிறாள். எமிலியின் பெயரில் வெளிவரும் முதல் நாவல் அதுவே. நூலான பிறகு, பொய் மூட்டை ஒன்று இவ்வளவு உண்மையாகத் தோன்றும் என்று நான் நம்பியிருக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. எமிலி பெற்ற பாராட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

இதே ஆசிரியரின் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ உலகப் புகழ் பெற்றிருக்க, எமிலியை ஏன் பலருக்குத் தெரியவில்லை?
– வாசகர், திருச்சி

‘ஆன்’ 1908-இல் வந்தது. அதன் வெளிச்சம் பெரிது. ஆனும் கதை எழுதுகிறாள், ஆனால் அவள் வாழ்க்கையில் எழுத்து மெல்லப் பின்வாங்கிவிடுகிறது. எமிலியிடம் அது பின்வாங்குவதில்லை. முதல் எமிலி நாவலை 1922 பிப்ரவரியில் எழுதி முடித்தபோது, தாம் எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்று மான்ட்கோமரி தம் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்ரோ இந்த நாவலின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின்னுரை எழுதியிருக்கிறார். எழுத்தாளர்கள் எமிலியை மறக்கவில்லை.

மூன்றாவது நாவலின் முடிவு அவசரமாக முடித்ததுபோல இருக்கிறது. எமிலிக்கும் அவள் சிறுவயதுத் தோழன் டெடிக்கும் திருமணம் ஆனதைச் சிறு வயதில் படித்து மகிழ்ந்தேன். இப்போது ஏதோ குறைகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

ஒப்புக்கொள்கிறேன். எமிலியின் தோழி இல்ஸ், டெடியை மணக்கவிருந்த நாளில் எழுந்து ஓடிப்போவதும், பல ஆண்டுகள் வாய் திறக்காதிருந்த டெடி கடைசியில் திரும்பி வருவதும் கதையை முடிப்பதற்கான ஏற்பாடுகளாகவே தோன்றுகின்றன. டெடி ஓவியர் என்று அறிகிறோம், சீழ்க்கை அடித்து எமிலியை அழைப்பார் என்று அறிகிறோம். எமிலியின் எழுத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியவே இல்லை. ஜிம்மி, எலிசபெத், டீன், எமிலியின் பள்ளி ஆசிரியர் கார்ப்பென்டர் ஆகிய ஒவ்வொருவரும் அவள் எழுத்தின் முன் எப்படி நின்றார்கள் என்று நமக்குக் காட்டிய நாவல் வரிசையில், அவள் மணக்கும் மனிதர் மட்டும் அந்தத் தேர்வுக்கு உட்படவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

என் மகளுக்குப் பதினொரு வயது. ஒரு நோட்டில் ஏதோ எழுதி ஒளித்துவைக்கிறாள். மூன்று நூல்களையும் அவளுக்குக் கொடுக்கலாமா? அந்த நோட்டை நான் படித்துப் பார்க்கலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

முதல் நூலை இப்போதே கொடுங்கள். இரண்டாவதைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கொடுக்கலாம். மூன்றாவது, தோல்வியும் நோயும் நெடிய தனிமையும் நிறைந்த நூல். அதற்குப் பதினாறு வயதாவது ஆகட்டும்.

நோட்டைப் படிக்க வேண்டாம். அது தீரும் நிலையில் இருந்தால், எதுவும் கேட்காமல் இன்னொன்று வாங்கி அவள் மேசையில் வைத்துவிடுங்கள். என்றாவது ஒரு நாள் அவளாகவே கொண்டுவந்து கொடுத்தால், அப்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முழுவதையும் படியுங்கள். அப்படிக் கொடுத்த எமிலியிடம் கார்ப்பென்டர் நடந்துகொண்ட விதம் எனக்கு எப்போதும் நினைவில் இருக்கிறது. முரட்டு மனிதர், குடிப்பழக்கம் உள்ளவர், வகுப்பில் யாரையும் விட்டுவைக்காதவர். அவள் கவிதைகள் அனைத்தையும் அவர் படித்துவிட்டு, நானூறு வரிகளில் பத்து வரிகள் தேறும், மற்றவை குப்பை என்கிறார். பணமோ பெயரோ கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுதுவாயா என்று கேட்கிறார், எழுதுவேன் என்கிறாள். பதின்மூன்று வயதில் பத்து நல்ல வரி எழுத முடிந்தால் இருபது வயதில் அதைப் போலப் பத்து மடங்கு எழுதுவாய், போ, ஏறு என்கிறார். அவர் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அந்தப் பத்து வரிகளைத் தேடி எடுத்திருந்தார். முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பகுதி வருகிறது. மகளிடம் நூலைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.