வல்லத்தை விற்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: நான் பாம்பன் பக்கம் மீனவக் குடும்பத்துப் பெண். வயது 33. நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. பிழைத்ததே பெரிது என்றார்கள். பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் வரவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் மூன்று வருஷம் அலைந்த பிறகு, மதுரையில் 'ஷீஹான்' நோய் என்று கண்டுபிடித்து ஹைட்ரோகார்ட்டிசோனும் தைராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது பாசி எடுக்கப் போகும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் ஸ்டெம் செல் வைத்தால் செத்த சுரப்பி மறுபடி முளைக்கும், அதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். ஏழு லட்சம் கேட்கிறார். வல்லத்தை விற்றுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செய்யலாமா டாக்டரம்மா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. வல்லத்தை விற்க வேண்டாம். அதைவிட முக்கியம், மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். இந்த இதழ் கைக்கு வரும் முன்பே நிறுத்தியிருந்தால், இன்றைக்கே மறுபடி தொடங்கிவிட்டு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்களா தெரியவில்லை, நான் சொல்கிறேன். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஒரு எலும்புக் குழியில் பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி. கர்ப்பத்தில் அது பருக்கும், அதற்கு ரத்தமும் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் ரத்தப்போக்கால் பிரஷர் இறங்கிவிட்டால், ரத்தம் கிடைக்காமல் கருகிப்போகிறது. 1937-ல் இதை விவரமாக எழுதியவர் ஹெரால்டு ஷீஹான் என்ற ஆங்கிலேய மருத்துவர். பால் சுரக்கச் சொல்வதும், மாதவிலக்கை வரவைப்பதும், தைராய்டையும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் வேலை வாங்குவதும் பிட்யூட்டரிதான். சம்மாட்டி சொல்லாமல் படகு கடலுக்குப் போகாது இல்லையா, அதுபோல உங்கள் தைராய்டும் அட்ரீனலும் நன்றாக இருந்தும் சும்மா இருக்கின்றன.

இந்த நோயை நான் மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முகம் வீங்கி, குரல் கம்மி, வெயில் காலத்திலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைராய்டு குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. தைராய்டு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பத்து நாளில் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். பிரஷர் கிடைக்கவே இல்லை. பெரிய டாக்டர் ஓடி வந்து அந்தப் பெண்ணின் மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாளா?" இல்லை என்றதும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடச் சொன்னார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். கார்ட்டிசால் என்பது அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன், ஹைட்ரோகார்ட்டிசோன் அதற்கு மாற்று. அது குறைந்த உடம்பில் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆளைச் சாய்த்துவிடும். ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராய்டு பிறகு. அன்றிலிருந்து, களைப்பு என்று எந்தப் பெண் வந்தாலும் பால் கொடுத்தீர்களா என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. உங்களிடம் மூன்று வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

சரி, புரோக்கர் சொன்ன ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்லுக்கு, வருகிறேன். சுரப்பியை வளர்க்கலாம் என்பது வெறும் கதையல்ல. ஜப்பானில் கோபே நகரத்து ரிக்கென் ஆய்வு நிலையத்தில், யோஷிகி சசாய் குழுவைச் சேர்ந்த ஹிடேடகா சுகா 2011-ல் சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்களிலிருந்து பிட்யூட்டரித் திசுவை உருவாக்கினார். வயிற்றுக்குள் குழந்தை உருவாகும்போது, மூளையின் அடிப்பகுதியாகப் போகும் திசுவும் வாயின் மேல்பகுதியாகப் போகும் திசுவும் ஒட்டி இருந்து ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்துத்தான் இந்தச் சுரப்பி உருவாகிறது. செல்களை உருண்டையாக மிதக்கவிட்டு, அந்த இரண்டு திசுவும் அக்கம்பக்கமாக வளரும்படி செய்தார்கள். அப்புறம் சுரப்பி தானாகவே மடிந்து வடிவத்துக்கு வந்தது. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட சுண்டெலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் அதை வைத்தபோது, அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறியது. சோர்ந்து கிடந்தவை நடமாடின, கூடுதல் நாள் வாழ்ந்தன. 2016-ல் மனிதக் கரு ஸ்டெம் செல்களிலிருந்தும் இந்தத் திசுவை வளர்த்து, சுண்டெலிகளில் வைத்துக் காட்டினார்கள். தைராய்டுக்கும் இப்படி ஒன்று 2012-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்தது.

எனக்கு இது பெரிய சந்தோஷம். ஏனென்றால் மாத்திரைக்கு உங்கள் உடம்பின் நிலை தெரியாது. காய்ச்சல் வந்தால், அடிபட்டால், உடம்பு தானாகவே கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். விடியற்காலையில் ஏற்றி, ராத்திரியில் இறக்கும். காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5 என்று விழுங்கும் மாத்திரையால் அது முடியாது. உயிருள்ள திசுவால் முடியும்.

ஆனால் அது இன்றைக்கு எந்த நாட்டிலும் ஒப்புதல் பெற்ற சிகிச்சை இல்லை. முழுதாக மாறாத ஒரு சில செல்கள் உள்ளே போனாலும் கட்டியாக வளரலாம். வேற்றுச் செல்லை உடம்பு எதிர்க்கும். உங்களிடம் ஏழு லட்சம் கேட்பவர்கள் வழக்கமாகச் செய்வது, இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ செல்களை உறிஞ்சி, டிரிப்ஸில் திரும்ப ஏற்றுவது. அந்தச் செல்கள் போய்ப் பிட்யூட்டரியாக உட்காராது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. முறையான ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்க மாட்டார்கள். பணம் கேட்டாலே நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது. மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இருட்டோடு இறங்குவீர்கள், காலை மாத்திரையை இறங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மதிய மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் கூடவே வையுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த நாட்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்காக்க வேண்டும், அளவை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே வேண்டும். "எனக்குப் பிட்யூட்டரி வேலை செய்யவில்லை, இந்த ஊசி போடுங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கட்டும். ஸ்டீராய்டு உடம்பை ஊதவைக்கும் என்று யாராவது சொன்னால், உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் நான் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை. தினம் நாலு ஊசி. அமெரிக்காவில் ஸ்டெம் செல்லால் இன்சுலினே வேண்டாம் என்று ஆகிவிட்டதாகத் துபாயில் இருக்கும் மச்சான் செய்தி அனுப்பினார். உண்மையா?

பதில்: உண்மைதான் பாய், ஆனால் உங்கள் மகளுக்கு இன்னும் இல்லை. ஜிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையில், ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். 2025 ஜூனில் வெளியான முடிவில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் போடாமல் இருந்தார்கள். 12 பேருக்குமே ஆபத்தான சர்க்கரைத் தாழ்வு நின்றது. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் மெல்டன். அவருடைய மகனுக்கும் மகளுக்கும் இதே டைப் 1 சர்க்கரை. 2014-ல் இந்தச் செல்களைப் பெருமளவில் உருவாக்கும் வழியைக் காட்டும்வரை அந்தத் தகப்பன் விடவே இல்லை.

ஆனால் அந்த 12 பேரும் பெரியவர்கள். சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்கி விழுந்துகொண்டிருந்தவர்கள். புதுச் செல்களை உடம்பு அழித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை விடாமல் எடுக்கிறார்கள். ஆய்வில் ஒருவர் மூளையுறைத் தொற்றில் இறந்தும் போனார். வளரும் பிள்ளைக்கு நாலு ஊசியைவிட அந்த மருந்துகள்தான் பெரிய சுமை. அந்த மருந்தே தேவைப்படாத செல்களை உருவாக்கத்தான் இப்போது முயல்கிறார்கள். அந்த நாள் வரும்போது உங்கள் மகளின் கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு இன்றைய ஊசி வேண்டும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும். கரண்ட் போகும் நாளில் பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து அதில் இன்சுலினை வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

கேள்வி: மூக்கையூரிலிருந்து, ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால், பின்னால் எந்தச் சுரப்பி கெட்டாலும் சரிசெய்யலாம் என்கிறார்களே?

பதில்: அதில் இருப்பவை ரத்தம் உண்டாக்கும் செல்கள், சுரப்பி உண்டாக்குபவை அல்ல. அந்தப் பிள்ளைக்கே பின்னால் உதவும் என்று தனியாரிடம் சேமிப்பதற்கு ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே சொல்லிவிட்டது. பணத்தைக் கட்டாதீர்கள். பிறந்ததும் ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கொடியை வெட்டச் சொல்லுங்கள், அந்த ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்து சோகையைத் தடுக்கும். பிரசவத்தை ரத்தம் ஏற்றும் வசதி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் அதிகம் போய், அதன் பிறகு பால் சுரக்கவே இல்லை என்றால், பாம்பன் தங்கைக்கு நான் எழுதியிருப்பதைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.