எரிந்த பேட்டரியைக் கொடுத்துவிடாதீர்கள், ஆச்சி

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். பொது வீடு, ஆறு பங்கு. குடியிருப்பது நாங்கள் மட்டும்தான். மகன் பெயரில் பதினான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய மின்சார ஸ்கூட்டரை முகப்பில் சார்ஜில் போட்டிருந்தோம். விடியற்காலையில் பேட்டரி வெடித்து எரிந்தது. பர்மா தேக்குத் தூண் ஒன்றும் கதவின் ஒரு பாதியும் கருகிவிட்டன. என் மாமனார் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) கண்ட முகப்பு அது. விற்றவரோ, "பழைய வீடு, எலி வயரைக் கடித்திருக்கும்" என்று போனை வைத்துவிட்டார். மின்கசிவு என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை நிறுவனத்தார் பேட்டரியை ஆய்வுக்கு எடுத்துப்போக வருகிறார்கள். புது வண்டி தருவதாகவும் சொல்கிறார்கள். வண்டியோடு வந்த சார்ஜர் பழுதானதால் காரைக்குடியில் வேறொன்று வாங்கியிருந்தோம். அவர்கள்மீது மோசடி வழக்குப் போட முடியுமா?

பதில்: மோசடி வழக்கை மறந்துவிடுங்கள், ஆச்சி. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை. விற்றவர் பேசிய பேச்சுக்கும் நீதிமன்றத்தில் விலை கிடையாது. தீ எங்கே பிறந்தது, பேட்டரிக்குள்ளா வெளியிலா? உங்கள் வழக்கு இந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் வியாழக்கிழமை எதிராளி கையில் ஒப்படைக்கப் போகிறீர்கள்.

தேவகோட்டைக்காரர் ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து ஒரு பக்க அறிக்கை வந்தது: "வெளிக் காரணத்தால் தீ." பேட்டரியைக் கேட்டோம்; அழித்துவிட்டோம் என்றார்கள். அந்த அறிக்கையை மறுக்க என்னிடம் ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை.

ஆகவே, வருகிறவர்கள் உங்கள் வீட்டிலேயே பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். எடுத்துப்போக வேண்டுமென்றால் இருதரப்பும் இருக்கும்போதுதான் பிரித்துப் பார்க்க வேண்டும், நுகர்வோர் ஆணையம் சொல்லாமல் அழிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திடட்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப அந்த ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. அதுவரை அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். எரிந்து அணைந்த லித்தியம் பேட்டரி பல மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்தும் மறுபடி பற்றும். மரத்தை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், மழை படாமல் தகரம் போட்டு வையுங்கள். யாரும் கிளற வேண்டாம்.

இனி அந்த "மின்கசிவு". நம் ஊரில் எந்தத் தீயானாலும் மின்கசிவு என்று எழுதிவிடுவது பழக்கம். அந்த ஒரு சொல், "நூறு வருட வீடு, பழைய வயரிங்" என்ற அவர்கள் வாதத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியம். சார்ஜில் இருந்தபோது பேட்டரிப் பகுதியிலிருந்து தீ கிளம்பியதைப் பார்த்தவர் இருந்தால், அதை அப்படியே எழுதிக் கூடுதல் மனுவாக உடனே காவல் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் சுவிட்சுப் பலகை புகைபடிந்திருக்கிறது, ஆனால் பிளக் துளைகளைச் சுற்றி உருகவில்லை. பேட்டரிப் பெட்டியின் தகடு உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறது. உங்கள் கண்ணீரைவிட இந்த இரண்டும் பெரிது. எலக்ட்ரீஷியனை அந்தப் பலகையில் கை வைக்க விடாதீர்கள்.

சார்ஜர் விஷயத்தைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு அதை முதல் வரியில் போடும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கே (குறையுள்ள பொருளால் நேர்ந்த சேதத்துக்கு ஈடு கேட்பது) நிற்காது என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. வேறு சார்ஜர் போட்டது அதில் அடங்கும் என்றுதான் வாதிடுவார்கள். தயாரித்தவரிடம் உங்களுக்கு ஒரு வாதம் மிஞ்சுகிறது. பதிவெண் உள்ள மின்சார இருசக்கர வண்டியின் பேட்டரி, ஏஐஎஸ் 156 என்ற வாகனப் பாதுகாப்புத் தரப்படி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் தாங்கும் சோதனையில் தேறியிருக்க வேண்டும். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் அந்தத் தரம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. சார்ஜர் எதுவானாலும் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஏன் துண்டிக்கவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் நிபுணர் சாட்சி இல்லாமல் வெறும் கேள்வியாகவே நின்றுவிடும். சார்ஜரை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த நிலையில் நான் சொல்வது: சமரசம் பேசுங்கள். ஆனால் புது வண்டிக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி அந்தத் தாளில் கட்டாயம் இருக்கும்; அதோடு தூணும் கதவும் போயிற்று. உடைமைச் சேதத்தைப் பொறுத்தவரை, பொருள் பொறுப்பு என்பதே அந்தப் பொருளைத் தவிர மற்ற உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்குத்தான். வண்டியின் விலையைப் பொருளில் குறைபாடு என்று கேட்க வேண்டும், அது வேறு கணக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதே கனமுள்ள பழைய தேக்குத் தூண் என்ன விலை என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆசாரியிடம் கூலியும் சேர்த்து மதிப்பீடு வாங்குங்கள். வண்டி விலையோடு அந்தத் தொகையில் முக்கால் பங்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மாமனார் சாந்தி கண்ட தூண் என்பதற்கு ஆணையம் தனியே பெரிதாக எதுவும் கொடுக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் உங்கள் பங்காளிகளை நினைத்துத்தான். பொது முகப்புக்கான பணத்தை நீங்கள் ஒருவர் வாங்கிக் கையெழுத்திட்டால், மற்ற ஐந்து பங்கும் நாளை உங்களிடம் கணக்குக் கேட்கும். உங்கள் கவனக்குறைவால்தான் எரிந்தது என்று உங்கள்மீதே வழக்கும் வரலாம். ஒரு வண்டித் தீயில் தொடங்கிப் பாகப்பிரிவினை வழக்கில் முடிந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், ஐந்து பேரிடமும் எழுத்துமூலம் சம்மதம் வாங்கிய பிறகே பேச்சுக்கு உட்காருங்கள்.

வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால் தானே தீப்பற்றுவதும் அதில் அடங்கும். இன்றே தகவல் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் அதை நம்பிப் பயனில்லை. சிவகங்கை ஆணையத்தில் மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, அவசரம் வியாழக்கிழமைக்குத்தான். பில் மகன் பெயரில் இருப்பதால் விடுப்புப் போட்டு அவரும் அன்று வீட்டில் இருக்கட்டும்.