வேல்ஸில் கூட்டமில்லாமல் ஏற ஒரு மலை சொல்ல முடியுமா?

பிம்லிமோன். ஆங்கிலத்தில் பிளின்லிமன் என்பார்கள். மேற்குக் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்துக்குக் கிழக்கே, 752 மீட்டர் உயரம். வேல்ஸின் மிக உயரமான மலையான 1,085 மீட்டர் ஸ்னோடனில் உச்சிக் கல்லைத் தொட வரிசையில் நின்றவன் நான். இங்கே ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்த மனிதர்கள் இரண்டே பேர், மற்றதெல்லாம் ஆடுகள்.

அழகான மலையா என்றால், இல்லை. கூரான முகடு எதுவும் கிடையாது, புல் மூடிய பெரிய முதுகு, அவ்வளவுதான். ஏ44 சாலையோரம் எய்ஸ்டெத்வா கிரிக் பண்ணையில் காரை நிறுத்தி நடந்தேன். அந்த இடமே ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் என்பதால் பாதி வேலையை கார் முடித்துவிடும். பழைய ஈயச் சுரங்கத்தைத் தாண்டினால் பாதை புல்லோடு புல்லாகிவிடுகிறது. பச்சையாக, மெத்தை மாதிரி தெரிந்த ஓர் இடத்தில் நம்பிக் கால் வைத்தேன். முழங்கால் வரை இறங்கிவிட்டது. இழுத்தால் கால் வந்தது, ஷூ வரவில்லை. குப்புறப் படுத்து, கறுப்புச் சேற்றில் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். நல்லவேளை, பார்க்க ஆளில்லை.

திட்டக்கூடாது, மழையைக் குடித்து வைத்துக்கொள்வது அந்தச் சேறுதான். பிரிட்டனின் மிக நீளமான ஆறான செவர்ன் (354 கி.மீ.) இந்த மலையில்தான் பிறக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் போல நடந்தால் வை ஆறு. பக்கத்தில் பக்கத்தில் பிறந்தும் ஒன்று ஷ்ரூஸ்பரி பக்கமும் மற்றது ஹெரிஃபர்ட் பக்கமும் போய், கடைசியில் செப்ஸ்டோவுக்குக் கீழே கழிமுகத்தில்தான் சேர்கின்றன.

உச்சியில் வெண்கலக் காலக் கற்குவியல்கள். அந்தக் கல்லிலேயே யாரோ காற்றுத்தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்து தெர்மாஸ் டீயைக் குடித்தேன். வடக்கு விளிம்புக்குப் போனால் கீழே கறுத்த ஒரு சிறு ஏரி. பெயர் ல்லின் ல்லிகட் ரைடோல். ல்லின் என்றால் ஏரி, ல்லிகட் என்றால் கண். ரைடோல் ஆறு அங்கே தொடங்கி மேற்கே அபெரிஸ்ட்வித் கடலுக்குப் போகிறது. நாம் ஊற்றுக்கண் என்கிறோமே, வெல்ஷ்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வரைபடத்தில் அதைப் படித்தபோது டீ ஆறியதுகூடத் தெரியவில்லை.

ஏரிக்கு அப்பால் ஹித்கென் பள்ளத்தாக்கு. 1401-இல், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய வெல்ஷ் தலைவர் ஓவைன் கிளின்டூர் தன் படையைவிடப் பெரிய படையை ஜெயித்த இடம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றேன், பத்தே நிமிடத்தில் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. இறங்கும்போது கம்பி வேலிதான் வழிகாட்டி. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வேண்டும். அப்புறம், காரில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ்.