ஞாயிறு கிளினிக்: ஊருக்கு உதவுமா, போட்டோவோடு போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இலவச கிளினிக் நடத்தலாம் என்று இளைஞர்கள் கூடிப் பேசியிருக்கிறோம். இரண்டு டாக்டர்கள் காசு வாங்காமல் வரச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால், “ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, போட்டோவுக்கா?” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நிஜமாகவே பயன் உண்டா? எப்படிச் செய்தால் உருப்படும்?

பதில்: பெரியவர்கள் கேட்டதில் தப்பில்லை. உங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

கிடைக்காதது நேரம். பெங்களூருவில் கட்டட வேலை பார்ப்பவர் சனிக்கிழமை ராத்திரி ஊர் வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிப் பிரிவு முழுவீச்சில் நடக்கும் நாட்களில் அவர் ஊரிலேயே இல்லை. உள்ளூரில் கூலிக்குப் போகிறவருக்கோ, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை, இல்லாவிட்டால் பட்டமே இல்லாதவர் போடும் ஒரு ஊசி. உங்கள் கிளினிக் இவர்களுக்குத்தான்.

அப்படியானால் கிளினிக்கின் வேலை மாத்திரை கொடுப்பது அல்ல, நோயைக் கண்டுபிடித்து, அந்த ஆளை அரசு வரிசையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முகாம்கள் வீணாவது இங்கேதான். பிரஷர் இருப்பவருக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் ஆறாம் நாள் என்ன செய்வார்? தலைசுற்றல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே பிரஷர், சுகர் மாத்திரைகளை மூட்டை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். முதல் ஞாயிறுக்கு முன்பே வட்டார மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் கண்டுபிடிப்பவர்களை எந்தக் கிழமை, எந்த அறைக்கு அனுப்புவது, மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் ஊருக்கு வீடுவீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளொன்றுக்கு 40 பேர் போதும். இரண்டு டாக்டர்கள், மூன்று மணி நேரம் என்றால் தலைக்கு ஒன்பது நிமிஷம் வரும். 150 பேரைப் பார்த்ததாக பேனர் கட்டலாம்தான், ஆனால் அது இரண்டரை நிமிஷ வைத்தியம்.

பிரஷர் பார்க்கும் மேஜையில்தான் அதிகத் தப்பு நடக்கும். நடந்து வந்த களைப்போடு, நின்றபடியே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தால் பலருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்காரட்டும். கால்மேல் கால் போடக் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும், அளக்கும்போது பேச்சு கூடாது. டீ குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி ஆகியிருக்க வேண்டும் (டீ கொடுத்து உபசரிப்பதாக இருந்தால் அளந்த பிறகு கொடுங்கள்). பிரஷர் கருவியின் பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாதீர்கள். குண்டான கைக்குப் பெரிய பட்டை ஒன்று தனியாக வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். 140/90க்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் பார்த்துத்தான் பிரஷர் என்று டாக்டர் முடிவு கட்டுவார். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் கோணல் எதுவும் இருந்தால் பேச்சே இல்லை, 108தான்.

சுகர் பரிசோதனைக்கு உங்கள் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. மாம்பழ சீசனில் தோப்பிலிருந்தோ மண்டியிலிருந்தோ நேராக வருபவர் விரலில் சாறு ஒட்டியிருக்கும். அந்த விரலில் ஊசி குத்தினால் சுகரே இல்லாதவருக்கும் 250 காட்டக்கூடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதை நம்பாமல், சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுக் கணக்கு மாறும். திறந்த தேதியை டப்பாமேல் எழுதி வையுங்கள். விரல் நுனிச் சொட்டை வைத்து ஒருவரைச் சர்க்கரை நோயாளி என்று சொல்லிவிடவும் கூடாது, ரத்தக் குழாயில் எடுத்து லேப்பில் பார்க்க அனுப்ப வேண்டும்.

உங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இடுப்புவலி, மூட்டுவலி என்றுதான் வருவார்கள். இவர்களுக்கு வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம், பிரஷரும் ஏறும். அதற்கு முன்னால் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இரு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அது எலும்பில் படிந்தாலும் இதே வலி வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். கீழே கிடக்கும் காசை முழங்கால் மடக்காமல் எடுக்கச் சொல்லுங்கள், தாடையால் நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள், இரண்டு கையையும் பிடரியில் கோக்கச் சொல்லுங்கள். இவை முடியாமல், பல்லிலும் பழுப்புப் பட்டை இருந்தால் டாக்டர் ஃபுளோரைடு பாதிப்பையும் யோசிப்பார். இதற்கு மருந்து கிடையாது, போர் தண்ணீரை நிறுத்திக் குழாய்த் தண்ணீருக்கு மாறுவதுதான் வழி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர் என்றால் அதைச் சீட்டில் எழுதியே அனுப்புங்கள். கல்தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் சீக்கிரம் பிடிக்கும்.

மேல்சிகிச்சைச் சீட்டுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று நோயாளிக்கு, ஒன்று உங்களுக்கு. புதன்கிழமை ஒருவர் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் போன் செய்து, “போனீங்களா?” என்று கேட்க வேண்டும். போகாதவரை அதட்டாதீர்கள். பஸ் காசு இல்லையா, கூட வர ஆள் இல்லையா, பெரியாஸ்பத்திரியில் எங்கே சீட்டுப் போடுவது என்று தெரியவில்லையா என்று விசாரியுங்கள். முதல் தடவை மட்டும் ஒரு பையன் கூடப் போய் வந்தால் அடுத்த தடவை அவரே போய்விடுவார். என்னைக் கேட்டால், புதன்கிழமைதோறும் இப்படிப் போன் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் கிளினிக்கே தொடங்க வேண்டாம். அரூர் வட்டம் சிட்டிலிங்கியில் 1993 முதல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் உள்ளூர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அப்படிச் செய்தால், வெளியூர் டாக்டர் போனபின்னும் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பார்.

மிச்ச விஷயம் சுருக்கமாக. வீட்டில் மீந்த மாத்திரையை நன்கொடையாக வாங்காதீர்கள், வெட்டிய அட்டையில் தேதி இருக்காது. மருந்தைத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். மருந்து கொடுக்க முறைப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருக்கட்டும். “ஊசி போடலையா டாக்டர்?” என்று கேட்காதவர் இருக்க மாட்டார்கள். தேவையில்லாமல் போடுவதில்லை என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். குத்திய ஊசிகளைக் குப்பையில் போடக் கூடாது. 2016 மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். துளைக்காத வெள்ளை டப்பாவில் சேர்த்து, யாரிடம் ஒப்படைப்பது என்று அதே வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு வையுங்கள். ஓரிடத்தில் நிலையாக நடத்துவதென்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு பற்றி மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இலவசம்தானே, விலக்கு உண்டு என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

போட்டோ எடுத்தால் தன்னார்வலர்களை மட்டும் எடுங்கள். யாருக்குச் சுகர், யாருக்குக் காசநோய் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தடவை கசிந்தாலும் அடுத்த ஞாயிறு பெண்கள் ஒருவரும் வர மாட்டார்கள்.