ஏறு நெற்றியும் வெங்காயச் சாறும்

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 24. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, விடுதியில் தங்கல். இரண்டு ஆண்டுகளாக நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி பின்வாங்குகிறது, உச்சியில் மண்டை தெரியத் தொடங்கிவிட்டது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் ஹெல்மெட்டும்தான் காரணம் என்கிறார்கள் அறை நண்பர்கள். சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்கிறார் அம்மா. மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஒரு கிளினிக்கில் எட்டுத் தடவை ஊசி போட 60,000 ரூபாய் முன்பணம் கேட்டதோடு, முடி மாற்று அறுவை சிகிச்சையையும் இப்போதே செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளில் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ‘எதை நம்புவது?’ என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒரு சோதனை. வலது கையால் பிடரி முடியில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். பிறகு உச்சி முடியை அதே போல உருட்டிப் பாருங்கள். பிடரியில் இருப்பது முரடாக, நூல்கண்டு போலத் தட்டுப்படும். உச்சியில் இருப்பது பட்டு இழை போல வழுக்கிக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் தெரிந்தால் உங்களுக்கு இருப்பது பரம்பரை வழுக்கையின் தொடக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தோல் மருத்துவர்களான நாங்கள் உருப்பெருக்கியில் பார்ப்பதும் இதைத்தான்: பக்கத்துப் பக்கத்து வேர்களில் ஒன்றில் தடித்த முடி, இன்னொன்றில் மெலிந்த முடி.

உப்புத் தண்ணீர் வழக்குக்கும் இதிலேயே தீர்ப்பு இருக்கிறது. உச்சியில் விழும் அதே தண்ணீர்தான் பிடரியிலும் விழுகிறது. அங்கே ஏன் கொட்டவில்லை? உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும், நடுவில் முறியவும் வைக்கும். வேர் வரை அதன் கை நீளாது. ஹெல்மெட்டும் அப்படியே. உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், வியர்வை நாற்றம் குறையும். வழுக்கைக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

உச்சி வேருக்கும் பிடரி வேருக்கும் என்ன வேறுபாடு? டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உடலில் உள்ள ஒரு நொதி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. பிடரி வேர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள், அந்த மரபு உள்ளவர்களுக்கு, அதன் முன்னால் சுருங்கிவிடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் சீக்கிரம் உதிர்ந்து, கடைசியில் பூனைமுடி ஆகிறது. பருவமடையும் முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் பரம்பரை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் விழுகிறது என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் எழுதினார். ஆகவே இது ஆண்மைக் குறைவின் அடையாளம் அன்று. ‘சூடு’ம் அன்று. நம்மூரில் தாய்மாமன் தலையைப் பார்த்துவிட்டுத்தான் பையனின் தலைக்கு ஜாதகம் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் அப்பா வழியிலும் பல மரபணுக்கள் வருகின்றன. மாமாவுக்கு அடர்ந்த முடி என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதற்குள் இரண்டு வேறு நோய்களை ஒதுக்கிவிட வேண்டும். டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது காய்ச்சலின் எதிரொலி. பெரும்பாலும் தானாகவே நிற்கும், முடி திரும்பி வரும். நாணய வடிவில் வழவழவென்று ஓர் இடம் மட்டும் வெறுமையானால் அது புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் நோயில் புழு இல்லை, உடலின் எதிர்ப்பு சக்தி தன் முடி வேரையே தாக்குவது அது. வெங்காயச் சாற்றின் புகழுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு 2002இல் ஈராக்கில் சிறிய அளவில் நடந்தது. அதுவும் புழுவெட்டு நோயாளிகளிடம் நடந்ததுதான். உங்கள் பிரச்சினை அது இல்லை. அம்மாவிடம் வெங்காயத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய் வைப்பதில் தவறில்லை, தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்கு நல்லதே. பொடுகு இருந்தால் மட்டும் இரவு முழுக்க ஊறவிட வேண்டாம்.

இனி மருந்து. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மருந்தின் முதல் வேலை இருப்பதைக் காப்பது. போனதைக் கொண்டுவருவது இரண்டாவது, அதுவும் ஓரளவுக்குத்தான். பூனைமுடி ஆன வேரைக் கொஞ்சம் தேற்றலாம். ஆண்டுக்கணக்கில் பளபளப்பாகிவிட்ட இடத்தில் எந்தக் குப்பியும் பயிர் வளர்க்காது. அதனால்தான் 24 வயது நல்ல வயது என்கிறேன். நான்கு ஆண்டுகள் எண்ணெய் மாற்றி எண்ணெய் பார்த்துவிட்டு 28இல் வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதில் பாதிதான் இருக்கும்.

மினாக்ஸிடில் என்பது முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலும் முடி முளைத்ததால் தலையில் பூசும் மருந்தாக மாறியது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல், காய்ந்த மண்டையில், 1 மில்லி, காலையும் மாலையும். முடியில் அன்று, தோலில் படவேண்டும். வகிடு பிரித்துப் பிரித்து விடுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் உதிர்வு கூடும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் வருவது அது. பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் குப்பியைத் தூக்கி எறிகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். இரவு ஷிப்ட் முடித்து வந்து பூசிய கையோடு படுத்துவிடாதீர்கள். தலையணை வழியாக முகத்தில் பட்டு கன்னத்தில் முடி முளைத்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு பூசுங்கள். கரைசல் அரித்தால் நுரை வடிவம் இருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் அது உங்கள் தலையையோ தலையணையையோ நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு இது நஞ்சு. இதே மருந்தைக் குறைந்த அளவில் மாத்திரையாகவும் இப்போது தருகிறோம். அது இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்காமல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் சரக்கு அல்ல.

அடுத்தது, உங்களைப் பயமுறுத்திய மாத்திரை. ஃபினாஸ்டெரைடு. டெஸ்டோஸ்டிரோனை வீரியமான வடிவமாக மாற்றும் நொதி ஒன்றைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? டொமினிக்கன் குடியரசில் அந்த நொதியே குறைவாகப் பிறந்த சில ஆண்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, வழுக்கை விழவில்லை. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த, அந்த நொதியைத் தடுக்கும் மருந்து இது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், வழுக்கைக்கு 1 மில்லிகிராம். வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1997இல். உச்சி வழுக்கை பற்றிய சோதனைகளில் இரண்டு ஆண்டு முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கே முடி எண்ணிக்கை குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குறைந்தது.

ஆண்மைக் கதைக்கு வருவோம். முழுப் பொய்யும் இல்லை, உங்கள் நண்பர் சொல்லும் அளவும் இல்லை. அந்தச் சோதனைகளின் முதல் ஆண்டில், ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, விந்து அளவு குறைவு இவற்றில் ஏதாவது ஒன்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்கு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு. நிறுத்தியபின் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலர் நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. இத்தாலியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து ஒரு குழுவிடம் மட்டும் இந்தப் பக்கவிளைவுகளைச் சொன்னார்கள். சொல்லப்பட்டவர்களில் 44 சதவீதம் பேர் புகார் செய்தார்கள், சொல்லப்படாதவர்களில் 15 சதவீதம். மனச்சோர்வு இன்னும் முக்கியமானது. தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்கவிளைவாக வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கியபின் மனம் இருண்டால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள், அடுத்த மாத அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் இரத்த தானம் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, அண்ணி வீட்டில் இருந்தால் டப்பாவைத் தனியாக வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு குழந்தைக்கு முயன்று தாமதமானால், விந்துப் பரிசோதனையோடு இந்த மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டும். நிறுத்திப் பார்ப்போம்.

ஊசி என்று உங்களிடம் சொன்னது, சொந்த இரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஏற்றும் பிஆர்பி ஆக இருக்கும். சிலருக்குக் கொஞ்சம் பலன் தருகிறது. ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மருந்தோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மருந்துக்குப் பதிலாக, அதுவும் எட்டு முறைக்கும் முன்பணம் கட்டி, வேண்டாம். பயோட்டின் மாத்திரையும் அப்படியே: சத்துக்குறைவு இல்லாதவருக்குப் பயன் தெரியவில்லை, தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவை மட்டும் திரித்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ஸ்டீராய்டு ஊசி தந்தால், பரம்பரை உள்ள தலையில் அது எரிகிற விறகில் எண்ணெய்.

அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம். பிடரி வேரைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அது பிடரி வேரின் குணத்தோடே வாழும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் காட்டியதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. நட்டது நிற்கும். அதன் பின்னால் உள்ள உங்கள் சொந்த முடி நிற்காது. 24 வயதில் நெற்றிக் கோட்டைத் தாழ்வாக வரைந்து நட்டுவிட்டு, மருந்தும் இல்லாமல் இருந்தால் 34இல் முன்னால் பந்தலும் பின்னால் பொட்டலுமாக நிற்பீர்கள். பிடரியில் எடுக்கக்கூடிய வேர்களோ சில ஆயிரம்தான், வாழ்நாளுக்கும் அவ்வளவே. வழுக்கை எங்கே போய் நிற்கிறது என்று ஓரளவு தெரிந்தபின் செலவிட வேண்டிய கையிருப்பு அது. செய்வதென்றாலும் யார் செய்கிறார் என்று பாருங்கள். 2016இல் சென்னையில் முடி நடப் போன 22 வயது மருத்துவ மாணவரே இறந்தார். அழகு நிலையப் பலகைக்கும் மருத்துவமனைப் பலகைக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்காகவாவது நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு முடிவுதான். இது உயிரைத் தொடும் நோய் இல்லை. ஒட்ட வெட்டிக்கொண்டு, தாடியைத் திருத்தி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரியும், வேர் அதே வேர்தான். ஆனால் மொட்டைக்கு ஒரு பயன் உண்டு: முடி இல்லாமல் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று காட்டிவிடும். ‘இவ்வளவுக்குத்தானா பயந்தோம்’ என்று என்னிடம் சிரித்தவர்கள் உண்டு. பெண் வீட்டாருக்கு இன்றைய புகைப்படத்தையே அனுப்புங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய கல்லூரிப் படத்தை அனுப்பிவிட்டு, அவர்கள் வரும் நாளில் தொப்பியைத் தேடுவது உங்களுக்கே சங்கடம்.

மருந்து தொடங்குவதென்றால் முதல் நாள் நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: நெற்றி, இரு ஓரம், உச்சி. அதே அறை, அதே விளக்கு, அதே நீளத்தில் முடி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுவே தினமும் குளியலறை வடிகாலில் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை எல்லோருக்கும் உதிரும். ஒரு பையன் ஏழு நாள் முடியை ஏழு தீப்பெட்டிகளில் போட்டு, மேலே கிழமை எழுதிக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமைப் பெட்டி மட்டும் பிதுங்கியது. அன்றுதான் அவன் தலைக்குக் குளித்திருந்தான்.

ஓசூரிலேயே தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல், முடியை ஒட்ட வெட்டாமல் போங்கள். எண்ணெய் மினுமினுப்பில் உருப்பெருக்கிக்கு வேர்கள் சரியாகத் தெரிவதில்லை. அம்மாவிடம் அந்த ஒரு நாள் மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.