அட்வான்ஸ் காசைப் பெயின்றுக்குக் கழிக்கலாமா?

கேள்வி: கொக்குவிலில் மூன்று வருசம் வாடகைக்கு இருந்த வீட்டைப் போன மாதம் விட்டோம். வாடகை 30,000 ரூபா. ஆறு மாத அட்வான்ஸ் 180,000 கட்டியிருந்தோம். வீட்டுக்காரர் கனடாவில். இங்கே வீட்டைப் பார்க்கும் அவருடைய மச்சான், முழு வீட்டுக்கும் பெயின்ற் அடிக்க வேணும், பாத்ரூம் கதவும் உடைஞ்சிருக்கு என்று 95,000 கழிக்கிறார். மிச்சத்துக்கும் "அத்தான் அனுப்பட்டும்" என்கிறார். கதவை உடைத்தது எங்கள் மகன்தான். உடன்படிக்கையில் பெயின்ற் பற்றி ஒன்றுமில்லை. — வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, கதவை ஒப்புக்கொண்டது நல்லது. அதற்குத் தச்சரின் பில்லைக் கேட்டு வாங்கி, அந்தத் தொகையைக் கழிக்க விடுங்கள். பெயின்றுக்கு விடவேண்டாம். இலங்கையில் வாடகைக்குப் பொருந்துகிற உரோமன்-டச்சுச் சட்டப்படி, குடிபோகும்போது வீடு இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்தான். ஆனால் இருந்து பழகியதால் வரும் தேய்மானம் குடியிருந்தவர் தலையில் விழாது. மூன்று வருச வெயிலில் சுவர் மங்குவது தேய்மானம். சாமிப்படத்துக்கு மேலே விளக்குப்புகை கறுப்பாகப் படிந்திருந்தால் அந்த ஒரு சுவருக்கு நீங்கள் கொடுக்கலாம். அதைக் காட்டி முழு வீட்டுக்கும் காசு கேட்பது அநியாயம்.

"அத்தான் அனுப்பட்டும்" என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரரிடம் நீங்கள் ஒப்படைத்து வைத்த காசு. அதை அவர் செலவழித்துவிட்டால், தேடித் தரவேண்டியதும் அவர்தான். மச்சானோடு வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். கனடாவில் இருப்பவருக்கே வாட்ஸ்அப்பில் கணக்கை எழுதி அனுப்புங்கள்: கொடுத்தது 180,000, கதவுக்கு இவ்வளவு, கடைசிக் கரண்ட் பில்லுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, இந்தத் திகதிக்குள் தேவை. அட்வான்ஸுக்குத் தந்த பற்றுச்சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்க்கும் உங்கள் பகுதி இணக்கசபைக்குப் போங்கள். சட்டத்தரணி தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. வீட்டுக்காரர் கனடாவில் இருப்பதால், அவருக்காக மச்சான் பேசலாமா என்று அங்கேயே கேளுங்கள். ஆறப்போடாதீர்கள்: எழுத்து உடன்படிக்கை இருந்தால் வழக்குப் போட ஆறு வருசம், வெறும் வாய்ப்பேச்சென்றால் மூன்று வருசம்தான்.

இப்போது போயிருக்கும் வீட்டில், சாமான் இறக்கி முடிய முன்னமே ஒவ்வொரு சுவரையும் கதவையும் கரண்ட் மீற்றரையும் கிணற்று மோட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சம்மதமா என்றும் இப்போதே கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால் உடன்படிக்கையில் ஒரு வரியாக எழுதுவியுங்கள்.